சோர்ஸ் கோட் கேட்டு ஜெர்மனியிலிருந்து மெயில்: கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?

கேள்வி: கோவையில் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறேன். நூற்பாலைகளில் நூல் நூற்கும் ஒவ்வொரு ரிங் ஃபிரேம் இயந்திரமும் எவ்வளவு நேரம் ஓடியது, எத்தனை முறை நின்றது என்று கணக்கெடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டி ஒன்றைச் செய்து விற்கிறோம். உள்ளே இருக்கும் போர்டு ஷென்சென் நகரத்து சப்ளையர் தருவது. லினக்ஸையும் அவரே ஏற்றித் தருகிறார். அதன் மேல் எங்கள் அப்ளிகேஷனும், சென்சார் கார்டை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு பேசவைக்க நாங்களே எழுதிய டிரைவரும் ஓடுகின்றன. சென்ற ஆண்டு முதல் ஓர் இறக்குமதியாளர் மூலம் ஜெர்மனியிலும் விற்கிறோம். போன வாரம் அங்குள்ள மில் ஒன்றின் பராமரிப்புப் பொறியாளர், பெட்டிக்குள் லினக்ஸும், அதன் அடிப்படைக் கட்டளைகளை ஒரே புரோகிராமாகத் தரும் பிஸிபாக்ஸும் இருப்பதாகவும், ஜி.பி.எல். லைசென்ஸ்படி சோர்ஸ் கோடை (புரோகிராமர்கள் எழுதிய மூல நிரலை) அனுப்பும்படியும் மெயில் போட்டிருக்கிறார். "நெட்டில் சும்மா கிடைப்பதுதானே, கண்டுகொள்ளாதீர்கள்" என்கிறார்கள் எங்கள் பையன்கள். கண்டுகொள்ளாவிட்டால் என்ன ஆகும்? கேஸ், ஜெயில் என்று போகுமா? எங்கள் சொந்த புரோகிராமையும் தூக்கிக் கொடுக்க வேண்டிவருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: முதல் வேலையாக அந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள். இதுவரை உங்களுக்கு வந்திருப்பது வக்கீல் நோட்டீஸ் கிடையாது. பெட்டியைப் பயன்படுத்தும் ஒருவர், தனக்குச் சேரவேண்டியதை மரியாதையாகக் கேட்டிருக்கிறார். இந்தக் கட்டத்தில் உங்களுக்கு ஆகும் செலவு ஒரு பொறியாளரின் சில வார உழைப்பு மட்டுமே. மெயிலைக் குப்பையில் போட்டால், அடுத்து அதே கேள்வி ஜெர்மன் வக்கீல் ஒருவரின் லெட்டர்பேடில் வரக்கூடும். அப்போது கணக்கே வேறு.

உங்கள் பையன்கள் சொல்வதில் பாதி சரி. பிஸிபாக்ஸுக்கும் லினக்ஸ் கெர்னலுக்கும் யாரும் பணம் கேட்பதில்லை. ஆனால் இரண்டும் பதிப்புரிமை உள்ள படைப்புகள். எழுதியவர்கள் உரிமையைக் கைவிடவில்லை. சில நிபந்தனைகளோடு, பிரதி எடுக்கவும் விற்கவும் அனுமதி தந்திருக்கிறார்கள். அந்த அனுமதிச் சீட்டுதான் ஜி.பி.எல். இந்த இரண்டுக்கும் பொருந்துவது 1991-ல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பு. அதன் 4-வது பிரிவைப் படித்துப் பாருங்கள்: நிபந்தனையை மீறி விநியோகித்தால் உங்கள் உரிமை தானாகவே முடிந்துவிடும் என்கிறது. யாரும் நோட்டீஸ் விட வேண்டியதில்லை, ரத்து செய்கிறோம் என்று அறிவிக்க வேண்டியதில்லை. அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியும், சட்டத்தின் பார்வையில், அனுமதியில்லாத பிரதி. காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரைத் திருட்டு சி.டி.யில் போட்டு விற்பதற்கும் இதற்கும் கோர்ட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது.

நிபந்தனை என்ன? வணிகரீதியாக விற்பவருக்கு 3-வது பிரிவு இரண்டு வழி தருகிறது. பொருளோடு சேர்த்தே முழு சோர்ஸ் கோடையும் கொடுக்கலாம். அல்லது, கேட்பவருக்கு அனுப்பிவைக்கிறோம் என்று குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்துமூல உறுதியைப் பொருளோடு வைக்கலாம். அந்த உறுதி யார் கேட்டாலும் செல்லுபடியாக வேண்டும். உங்களிடம் வாங்கியவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அனுப்பும் செலவுக்கு மேல் வாங்கவும் கூடாது. பென் டிரைவ் விலையும் கூரியர் கட்டணமும் கேட்கலாம், 'டெக்னிக்கல் சப்போர்ட் கட்டணம்' என்று ஐநூறு யூரோ கேட்க முடியாது. "கெர்னலின் தளத்திலேயே இருக்கிறதே, அங்கே போய் எடுத்துக்கொள்ளட்டும்" என்ற பதிலும் செல்லாது. வேறொருவர் தந்த உறுதியைக் கைகாட்டிவிடும் வழி, வணிக நோக்கமில்லாமல் பகிர்பவர்களுக்கு மட்டும்தான்.

உங்கள் கடிதத்திலிருந்து நான் புரிந்துகொண்டது, பெட்டிக்குள் சோர்ஸும் இல்லை, உறுதிச் சீட்டும் இல்லை. அப்படியென்றால் மெயிலை அலட்சியப்படுத்தினால்தான் மீறல் என்று நினைக்காதீர்கள். மீறல் முதல் பெட்டி விற்ற அன்றே தொடங்கிவிட்டது. திருப்பூருக்கும் ராஜபாளையத்துக்கும் நீங்கள் விற்றவையும் இதில் அடக்கம். ஜெர்மன் வாடிக்கையாளருக்கு உள்ள அதே உரிமை அந்த மில்காரர்களுக்கும் உண்டு.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று உங்கள் பையன்கள் யோசிப்பார்கள். அது பத்து நிமிட வேலை. உங்கள் அப்டேட் ஃபைலை எடுத்து பின்வாக் என்ற கருவியில் போட்டால், உள்ளே சுருக்கி வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டம் அப்படியே விரியும். அதில் உள்ள கோப்பு ஒன்றின் மேல், எழுத்து வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையைக் கொடுத்தால் 'பிஸிபாக்ஸ்' என்ற பெயரும், பதிப்பு எண்ணும், அதைக் கம்பைல் செய்த தேதியும் நேரமும் ஒரே வரியாக வந்து நிற்கும். சில போர்டுகளில் சப்ளையரின் பில்டு மெஷின் பெயர்கூட வரும். மறுத்துப் பேச இடமே இருக்காது. ஆகவே "நாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை" என்று மட்டும் யாரும் பதில் எழுதிவிட வேண்டாம். அந்த ஒரு வரி பிற்பாடு கோர்ட்டில் உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாகிவிடும்.

இனி ஜெர்மனி. உங்கள் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, ஜி.பி.எல். நிபந்தனைகளைக் கோர்ட்டில் நிலைநாட்டியதில் முன்னோடி நாடு அதுதான். லினக்ஸ் கெர்னலில் ஃபயர்வால் வேலையைச் செய்யும் நெட்ஃபில்டர் பகுதியை எழுதியவர்களில் ஒருவர் ஹரால்ட் வெல்டே. தன் கோடை ரூட்டரில் போட்டு, சோர்ஸ் தராமல் விற்ற சைட்காம் நிறுவனத்தின் ஜெர்மன் கிளைக்கு எதிராக 2004 ஏப்ரலில் மியூனிக் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கினார். மே மாதம் அதே கோர்ட் தடையை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பில் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய வாதம் ஒன்று உண்டு. ஜி.பி.எல். ஆங்கிலத்தில் இருக்கிறது, அதன் நிபந்தனைகள் ஜெர்மன் சட்டப்படி செல்லாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்களுக்கு அனுமதியே இல்லை என்றாகிறது, எந்த உரிமையில் விற்கிறீர்கள்? லைசென்ஸ் செல்லும் என்றாலும் பிரதிவாதி தோற்கிறார், செல்லாது என்றாலும் தோற்கிறார். இரண்டு ஆண்டு கழித்து ஃப்ராங்க்ஃபர்ட் கோர்ட்டில் டி-லிங்க் நிறுவனத்தின் ஜெர்மன் கிளை அதே 'செல்லாது' வாதத்தை எடுத்துப் பார்த்தது. சோதனைக்காகப் பொருளை வாங்கிய செலவு, வக்கீல் செலவு எல்லாவற்றையும் கட்டச் சொல்லி 2006 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

அங்கே நடைமுறை எப்படி ஓடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு மெயில் போட்ட பொறியாளர் வாங்கிப் பயன்படுத்துபவர்; பதிப்புரிமைக்காரர் அல்லர். ஆனால் அவர் கெர்னல் எழுதுபவர்கள் யாருக்காவது இரண்டு வரி எழுதிப்போட்டால் போதும். கோடுக்கு உரிமையாளரான ஒருவரின் வக்கீல், ஜெர்மானியர்கள் ஆப்மானுங் என்று சொல்லும் எச்சரிக்கைக் கடிதத்தை அனுப்புவார். பெரும்பாலும் அது கோவைக்கு வராது. உங்கள் இறக்குமதியாளருக்குத்தான் போகும். விற்பவர் ஒவ்வொருவரும் அங்கே தனித்தனியே பொறுப்பாளி. தடை உத்தரவு வாங்க, அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபிக்கவும் தேவையில்லை. கடிதத்தோடு ஒரு படிவம் இணைத்திருப்பார்கள்: இனிமேல் இப்படி விற்கமாட்டேன், மீறினால் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு அபராதம் கட்டுகிறேன் என்று கையெழுத்திடச் சொல்லும் உறுதிமொழி. கெடு சில நாட்கள்தான். அனுப்பிய வக்கீலின் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

இந்தப் படிவத்தில்தான் ஆபத்து. பயந்துபோய் உடனே கையெழுத்துப் போடுபவர்கள், விஷயம் அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து புதிய ஃபெர்ம்வேரில் (பெட்டிக்குள் ஏற்றும் சாஃப்ட்வேரில்) ஒரு கோப்பின் சோர்ஸ் விடுபட்டிருந்தால், இப்போது அது பதிப்புரிமை மீறல் மட்டுமன்று. நீங்களே எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தின் மீறல். அபராதம் கேட்க நஷ்டக் கணக்கு எதுவும் காட்ட வேண்டியதில்லை. கெர்னல் வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரே இந்த முறையைத் தன் வருமான வழியாக்கிக்கொண்டார் என்று புகார் எழுந்து, 2016-ல் நெட்ஃபில்டர் குழு அவரை இடைநீக்கம் செய்தது. ஜெர்மன் வக்கீலிடம் காட்டாமல் உங்கள் இறக்குமதியாளர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. இதை அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கையெழுத்துப் போடாமல் கோர்ட் வரை போய்த் தடை உத்தரவு வந்து, அதையும் மீறினால், ஒவ்வொரு மீறலுக்கும் இரண்டரை லட்சம் யூரோ வரை அபராதம் விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது.

"ஜெர்மன் தீர்ப்பு கோவையில் என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவில், தீர்ப்பை நேரடியாக இங்கே நிறைவேற்றத்தக்க நாடுகள் என்று அறிவிக்கப்பட்டவற்றில் ஜெர்மனி இல்லை. அங்கே வாங்கிய தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். ஆனால் இதில் ஆறுதல் தேடாதீர்கள். அடி விழப்போவது உங்கள் வங்கிக் கணக்கில் அன்று, உங்கள் சந்தையில். தடை வந்த மறுநாள் இறக்குமதியாளர் சரக்கை முடக்குவார், பணத்தை நிறுத்துவார், ஒப்பந்தத்தில் உள்ள இழப்பீட்டு ஷரத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவார். அவருடன் நீங்கள் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, 'இந்தப் பொருள் யாருடைய அறிவுசார் சொத்துரிமையையும் மீறவில்லை' என்று உறுதி கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். ஏறக்குறைய எல்லா ஏற்றுமதி ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கும்.

அமெரிக்காவில் இது பிஸிபாக்ஸை வைத்துத்தான் தொடங்கியது. அதை எழுதியவர்களில் எரிக் ஆண்டர்சன், ராப் லேண்ட்லி இருவர் சார்பில் 2007 செப்டம்பரில் மான்சூன் மல்டிமீடியா என்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அடுத்த மாதமே சமரசம். 2009-ல் பெஸ்ட் பை உட்பட 14 நிறுவனங்கள் மீது ஒரே வழக்கு. அதில் வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் என்ற டி.வி. நிறுவனம் வழக்கை ஒழுங்காக நடத்தாமல் விட்டுவிட்டது. 2010-ல் கோர்ட் விற்பனைக்குத் தடை விதித்து, 90,000 டாலர் நஷ்டஈடும், ஏறக்குறைய 48,000 டாலர் வக்கீல் செலவும் கட்டச் சொன்னதோடு, கையில் மிச்சமிருந்த டி.வி.க்களையும் ஒப்படைக்க உத்தரவிட்டது. கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை. அந்த 90,000 டாலரும், 30,000 டாலரை மூன்று மடங்காக்கி வந்த தொகை. தெரிந்தே மீறினார்கள் என்பதற்காக மும்மடங்கு.

பெரிய நிறுவனம் என்றால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. பிரான்ஸில் ஆன்ட்ர்-ஊவெர் என்ற சிறு கூட்டுறவு நிறுவனம், லாஸ்ஸோ என்ற தன் ஜி.பி.எல். நிரல் தொகுப்பை லைசென்ஸை மீறி அரசு இணையதளப் பணியில் பயன்படுத்திய ஆரஞ்சு தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு பத்தாண்டுக்கு மேல் வழக்காடியது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்து லட்சம் யூரோவுக்கும் அதிகமான தொகையைக் கட்டச் சொன்னது. உங்கள் சப்ளையர் ஊரான ஷென்சென் நகரக் கோர்ட்டும் 2021-ல் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பை ஏற்று, மீறியவரின் உரிமை முடிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. "எங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாது" என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஜெயில் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் எழுதப்பட்டவற்றுக்கும் இங்கே அதே பாதுகாப்பு; பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. 63-வது பிரிவின்படி, தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (ஜாமீன் கேட்கலாம், ஆனால் கொடுப்பது கோர்ட்டின் விருப்பம், நம் உரிமை அன்று.) 69-வது பிரிவு, நிறுவனம் செய்த குற்றத்துக்கு அதன் பொறுப்பில் இருந்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது. அதாவது உங்களை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நான் மேலே சொன்ன எல்லா வழக்குகளும் சிவில் வழக்குகள். ஜி.பி.எல்.லில் எழுதுபவர்கள் தேடுவது சோர்ஸை. யாரையும் உள்ளே தள்ளுவதை அல்ல.

உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டியது '63' என்ற எண்ணை அல்ல, 'தெரிந்தே' என்ற நிபந்தனையை. 55-வது பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது: பதிப்புரிமை இருப்பது தெரியாது, அப்படிச் சந்தேகிக்க நியாயமான காரணமும் இல்லை என்று பிரதிவாதி நிரூபித்தால், வாதிக்குத் தடை உத்தரவும், விற்பனை லாபத்தில் கோர்ட் நியாயம் என்று கருதும் பங்கும் கிடைக்கலாம், அதற்கு மேல் நஷ்டஈடு இல்லை. போன வாரம் வரை இந்த வாதத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்திருக்கலாம். அந்த மெயில் உங்கள் இன்பாக்ஸுக்கு வந்த நாளோடு அது முடிந்தது. இனி அனுப்பும் ஒவ்வொரு பெட்டியும் தெரிந்து அனுப்பும் பெட்டி. எனவே அடுத்த சரக்கு, ஜெர்மனிக்கானாலும் ஈரோட்டுக்கானாலும், சோர்ஸோ உறுதிச் சீட்டோ இல்லாமல் கோடவுனை விட்டு வெளியேறக் கூடாது.

இந்தியச் சட்டத்தில் அமெரிக்காவைப் போல இவ்வளவு என்று முன்கூட்டி வகுத்த நஷ்டஈடு இல்லை. தடை, நஷ்டஈடு, லாபக் கணக்கு ஆகியவைதான் பரிகாரம். வாதி தன் ஊரிலேயே வழக்குப் போட 62-வது பிரிவு இடம் கொடுக்கிறது. பெங்களூரில் இருக்கும் ஒரு கெர்னல் டெவலப்பர் உங்களைப் பெங்களூர் கோர்ட்டுக்கு இழுக்கலாம்.

இப்போது உங்களுக்கு அதிகம் கவலை தரும் கேள்வி: சொந்த புரோகிராமையும் கொடுக்க வேண்டுமா?

அப்ளிகேஷனைப் பொறுத்தவரை, பெரும்பாலும் வேண்டாம். லினக்ஸ் கெர்னலோடு வரும் லைசென்ஸ் கோப்பிலேயே, சாதாரண சிஸ்டம் கால்கள் மூலம் கெர்னலின் சேவையைப் பயன்படுத்தும் புரோகிராம்கள் கெர்னலிலிருந்து பிறந்தவை ஆகா என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். பிஸிபாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருப்பதாலும் உங்கள் அப்ளிகேஷன் ஜி.பி.எல். ஆகிவிடாது. பார்க்க வேண்டியது, உங்கள் அப்ளிகேஷன் எந்தெந்த லைப்ரரியோடு (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்போடு) லிங்க் ஆகிறது என்பது. அதில் ஜி.பி.எல். லைப்ரரி ஒன்று இருந்தால், உதாரணத்துக்கு ரீட்லைன், சிக்கல் வரும்; முழு அப்ளிகேஷனுக்கும் ஜி.பி.எல். பொருந்தும் என்று வாதிடுவார்கள். ஜி.பி.எல்.லின் தளர்வான வடிவமான எல்.ஜி.பி.எல்.லில் வரும் ஜிலிப்சி போன்ற லைப்ரரியோடு டைனமிக்காக (ஓடும்போது மட்டும் சேரும்படி) லிங்க் செய்திருந்தால் உங்கள் கோட் உங்களுடையதே. இடத்தை மிச்சப்படுத்த யாராவது ஸ்டாட்டிக்காக (லைப்ரரியை உள்ளேயே சேர்த்து) லிங்க் செய்திருந்தால், பயனர் லைப்ரரியை மாற்றி மறுபடி லிங்க் செய்துகொள்ள உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (கம்பைல் செய்த துண்டுகளையாவது) தரவேண்டிவரும். இதை நான் சொல்ல முடியாது. பில்டு ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்து உங்கள் பையன்கள் சொல்ல வேண்டும்.

டிரைவர் வேறு விஷயம். கெர்னலுக்குள்ளேயே ஏறி, கெர்னலின் ஹெடர்களைச் சேர்த்துக் கம்பைல் ஆகும் மாட்யூலை மூடி வைத்துக்கொள்ள முடியுமா என்பதில் வக்கீல்களிடையே பல காலமாக வாதம் நடக்கிறது. அந்த வாதத்தை உங்கள் செலவில் நடத்திப் பார்க்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சென்சார் கார்டிலிருந்து பல்ஸ் எண்ணும் டிரைவரில் என்ன தொழில் ரகசியம் இருந்துவிடப் போகிறது? அதன் சோர்ஸையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். உங்கள் சரக்கு எல்லாம் அப்ளிகேஷனில்தான் இருக்கிறது. எந்த ஃபிரேம் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் கணக்கில் இருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிப்புரிமை வழக்கில் வழக்கமாகக் கிடைப்பது தடையும் பணமும்தான். 'கோடைக் கொடு' என்ற உத்தரவுக்கு வேறு பாதை தேவை. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு அந்தப் பாதையைத்தான் முயன்றது. 2021 அக்டோபரில், பதிப்புரிமைக்காரராக அல்லாமல், விஜியோ டி.வி.யை விலைக்கு வாங்கிய வாடிக்கையாளராகக் கலிஃபோர்னியா கோர்ட்டுக்குப் போனது. ஜி.பி.எல். ஓர் ஒப்பந்தம், அதன் பலன் வாங்கியவருக்கும் உண்டு, பணம் வேண்டாம், சோர்ஸைக் கொடுங்கள் என்பது வாதம். முழு விசாரணைக்குப் போகாமலே வழக்கை முடித்துவிடச் சொன்ன விஜியோவின் மனுவை 2023 டிசம்பரில் கோர்ட் ஏற்கவில்லை. உங்களுக்கு மெயில் அனுப்பிய பொறியாளரும் உங்கள் பெட்டியைப் பயன்படுத்தும் ஒரு வாடிக்கையாளர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"தப்பு சப்ளையருடையது, நான் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?" என்று மனதில் ஓடும். லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரூட்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் சிப் பிராட்காமுடையது, ஃபெர்ம்வேரைச் செய்தது தைவானின் சைபர்டேன், விற்றது லிங்சிஸ், அந்த லிங்சிஸை 2003-ல் வாங்கியது சிஸ்கோ. உள்ளே லினக்ஸ் இருக்கிறது என்று பயனர்கள் கண்டுபிடித்தபோது பொறுப்பு யார் தலையில் வந்து நின்றது? கடைசியில் வாங்கிய சிஸ்கோ தலையில். முதலில் சோர்ஸை வெளியிட்டார்கள். ஆனால் அடுத்தடுத்த பொருட்களில் முறையாகச் செய்யவில்லை என்று, ஜி.பி.எல்.லை வெளியிட்ட ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2008 டிசம்பரில் சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதம் சமரசம்: லைசென்ஸ் விஷயங்களைக் கவனிக்கவே தனியாக ஓர் அதிகாரியை நியமித்தார்கள், ஃபவுண்டேஷனுக்கு நன்கொடையும் கொடுத்தார்கள்.

அன்று வெளியே வந்த சோர்ஸிலிருந்து பிறந்ததுதான் ரூட்டர்களுக்கான இலவச லினக்ஸ் தொகுப்பான ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. ஷென்சென் சப்ளையர்கள் போர்டோடு கொடுக்கும் எஸ்.டி.கே. எனும் மென்பொருள் தொகுப்புகளில் பல அதன் பழைய பதிப்புகளே. உங்களுடையதும் அதுவாக இருக்கலாம், திறந்து பாருங்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் கோவைக் கம்பெனி ஒன்று, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பத்து பைசா செலவழிக்காமல் ஜெர்மன் மில்லில் போய் உட்கார முடிந்ததென்றால், இருபது ஆண்டுக்கு முன்னால் யாரோ பிடிவாதமாக "சோர்ஸ் எங்கே?" என்று கேட்டதும் அதற்கு ஒரு காரணம். இன்று உங்களிடம் ஒருவர் அதையே கேட்கிறார். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். லைசென்ஸ் கேட்பது சோர்ஸ் கோப்புகளை மட்டும் அல்ல; கம்பைல் செய்யவும் இன்ஸ்டால் செய்யவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்து. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கெர்னலின் மூலக் கோப்புகளை ஒரு ஜிப்பில் போட்டுக் கொடுத்துவிட்டு, சப்ளையர் செய்த மாற்றங்களையும் கான்ஃபிக் கோப்பையும் விட்டுவிடுவார்கள். வாங்கியவர் கம்பைல் செய்தால் போர்டு பூட் ஆகாது. மறுபடி மெயில் வரும், இந்த முறை தொனி மாறியிருக்கும். கெர்னல், பிஸிபாக்ஸ், போர்டை முதலில் கிளப்பிவிடும் யூ-பூட், உங்கள் டிரைவர், இவை ஒவ்வொன்றுக்கும் நீங்கள் உண்மையில் விற்ற பதிப்பின் சோர்ஸ், கான்ஃபிக், எந்தக் கம்பைலர் என்ற விவரம், கட்டளைகள் அடங்கிய சிறு குறிப்பு எல்லாம் வேண்டும். தயாரானதும், இந்த வேலையில் கை வைக்காத ஒரு பையனிடம், எதுவும் இன்ஸ்டால் செய்யாத கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்து, அந்தத் தொகுப்பை மட்டும் வைத்து ஃபெர்ம்வேரைக் கட்டச் சொல்லுங்கள். அவர் யாரிடமும் சந்தேகம் கேட்காமல் போர்டை பூட் செய்துவிட்டால் அனுப்பலாம்.

சப்ளையரிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள்: இந்த போர்டு, இந்த ஃபெர்ம்வேர் பதிப்பு, முழு சோர்ஸ், இத்தனை நாளுக்குள். சாக்குப்போக்கு சொன்னால் அடுத்த ஆர்டரை நிறுத்திவையுங்கள். அவருக்குப் புரியும் மொழி அதுதான். அப்படியும் தராவிட்டால், மூல கெர்னலிலிருந்து நீங்களே புதிதாகக் கட்டி, ஏற்கெனவே விற்ற பெட்டிகளுக்கும் அதை அப்டேட்டாகத் தரலாம். கஷ்டம்தான், ஆனால் வழி இருக்கிறது. இனி வாங்கும் ஒவ்வொரு போர்டுக்கும் சோர்ஸ் கைக்கு வந்த பிறகே பாக்கிப் பணம் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேருங்கள். மேனுவலின் கடைசிப் பக்கங்களில் ஜி.பி.எல். வாசகத்தை முழுமையாகவும், மூன்று ஆண்டு உறுதியையும் அச்சிடுங்கள். எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி லைசென்ஸ் உள்ள பகுதிகளும் உள்ளே இருக்கும். அவற்றுக்குச் சோர்ஸ் தர வேண்டாம்; எழுதியவர் பெயரும் பதிப்புரிமை வரிகளும் அப்படியே இருக்க வேண்டும். அதை நீக்கினாலும் மீறல்தான். ரயில் மாடல் ஆர்வலர் ஒருவர் எழுதிய சாஃப்ட்வேரிலிருந்து பெயர்களை நீக்கிப் பயன்படுத்திய ஜேகப்சன் வழக்கில், அத்தகைய நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகும் என்று 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

முடிந்துபோன உரிமை எப்படித் திரும்பும்? 2007-ல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கு வழி எழுதியே இருக்கிறது: முதல் முறை நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை நிலைத்துவிடும். உங்களுக்குப் பொருந்தும் இரண்டாம் பதிப்பில் அந்த வசதி இல்லை. ஆனால் 2017 அக்டோபரில் கெர்னல் டெவலப்பர்கள் பலர் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டு, தங்கள் பங்களிப்புகளுக்கு அதே 30 நாள் முறையைப் பின்பற்றுவதாக உறுதி கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்திட்டவர்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். பிஸிபாக்ஸுக்கு அது பொருந்தாது. இருந்தாலும் கணக்கை அந்த 30 நாளை வைத்தே போட்டுக்கொள்ளுங்கள். கெடு மெயில் வந்த தேதியிலிருந்து ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது.

பொறியாளருக்கு எழுதும் பதில் நாலு வரி போதும். உங்கள் மெயில் கிடைத்தது; எங்கள் பொருளில் இன்னின்ன ஜி.பி.எல். பகுதிகள் இருக்கின்றன, சோர்ஸைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம், இந்தத் தேதிக்குள் அனுப்புகிறோம். காரணம் சொல்லவோ, குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ, 'நல்லெண்ண அடிப்படையில்' என்று பெருந்தன்மை காட்டவோ தேவையில்லை. காப்பாற்ற முடிகிற தேதியாகக் கொடுங்கள். அதே மெயிலின் நகலை இறக்குமதியாளருக்கும் போட்டு, வக்கீல் கடிதம் ஏதாவது வந்தால் எதிலும் கையெழுத்திடாமல் அன்றே உங்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று வந்துவிட்டால் இந்தப் பதிலை நம்பிக்கொண்டிராமல், பதிப்புரிமை பார்க்கும் ஜெர்மன் வக்கீல் ஒருவரிடம் ஒப்பந்தம், ஃபெர்ம்வேர், மெயில்கள் எல்லாவற்றையும் அதே நாளில் ஒப்படையுங்கள்.